கிணற்றுத் தண்ணீரில் ஒரு தோட்டம்

மானிப்பாயில் எந்த வீட்டுக் குசினிக்குள் போய்க் கேத்திலைத் திறந்து பார்த்தாலும் அடியில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே வெள்ளையை நான் எங்கள் விறாந்தை மீன்தொட்டிக்குள்ளும் கண்டேன். வேலம்பாசி என்று சொல்கிற ஐதரில்லாவின் இலையொன்றைக் கிள்ளியெடுத்து விரல்களுக்கிடையே உரசிப் பார்த்தபோது மேற்பக்கம் சொரசொரத்தது, கீழ்ப்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. நகத்தால் சுரண்ட மாவாக உதிர்ந்தது. அதன்மேல் ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டேன். சின்னச் சின்னக் குமிழிகளாகப் பொங்கிக் கரைந்தது. கேத்திலுக்குள் அடுப்புச் சூடு செய்கிற வேலையைத் தொட்டிக்குள் ஒரு செடி சூடே இல்லாமல் செய்துவிட்டிருந்தது.

இரண்டுக்கும் மூலம் எங்கள் காலுக்குக் கீழே கிடக்கும் சுண்ணக்கல். மாரிமழை மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கல்சியத்தையும் இருகாபனேற்றையும் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும். கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகி அடியில் இறங்கும். ஐதரில்லாவும் இருகாபனேற்றிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்து ஒளித்தொகுப்புக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சமாகும் சுண்ணாம்பு இலையின் மேற்பக்கத்தில் படிகிறது.

செடிக்கு இந்த வித்தை தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். நீருக்குள் வாழும் இலைக்கு எப்போதும் காபன் பசி. அந்தப் பசியைத் தீர்க்கத்தான் செடித்தொட்டி வளர்ப்பவர்கள் பலர் காபனீரொட்சைட்டு சிலிண்டர் வாங்கிக் குழாய் வழியாக வாயுவை விடுகிறார்கள். தண்ணீரை மென்மையாக்க வடிகட்டும் இயந்திரமும் வாங்குகிறார்கள். அமேசன் காட்டாற்றுச் செடியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வாழவைக்க அவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் தோட்டம் செய்கிறவன் முதலில் மண்ணைப் பார்த்துவிட்டுத்தானே எதை நடுவது என்று முடிவெடுப்பான்? மீன்தொட்டியும் ஒரு தோட்டம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது கிணற்றை. எங்கள் கிணற்றுக்கு ஏற்ற செடிகள் இருக்கின்றன. அவற்றில் மிக நல்லவை சில இந்தத் தீவிலேயே பிறந்தவை.

கண்ணாடித் தொட்டிக்குள் செடியையும் மீனையும் சேர்த்துச் சமநிலை காணலாம் என்று காட்டியவர் ரொபேர்ட் வாரிங்ரன் என்ற இலண்டன் இரசாயனவியலாளர். 12 கலன் தொட்டியில் இரண்டு தங்கமீன், கொஞ்சம் வலிஸ்னேரியாச் செடி. இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, மீன் நத்தையின் முட்டைகளைத் தின்றது, மீனின் கழிவைச் செடி எடுத்துக்கொண்டது. 1850இல் இதை அறிக்கையாக்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1848இல், வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். பிற்பாடு மேல்நாட்டு மருத்துவ நூல்களோடு 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். வாரிங்ரனின் தொட்டியில் மின்சாரமும் இல்லை, பம்மும் இல்லை. செடி சரியாக இருந்தால் தொட்டி நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இனி இந்தத் தீவின் செடிக்கு வருகிறேன். கிரிப்டோகொரைன் என்பது அதன் பேரினப் பெயர். சேம்பும் சேனையும் சேர்ந்த குடும்பம். தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில், மரநிழலில், பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாக வளர்கிறது. அதன் பல இனங்கள் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அவற்றுள் வெந்தி என்ற இனம் இன்று உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் வளர்கிறது. ஒல்லாந்துத் தாவரவியலாளர் த வித் 1958இல் அதை விவரித்து, நீர்ச்செடிகள் பற்றி எழுதிய அல்பேர்ட் வெந்த் என்ற ஜேர்மானியரின் பெயரை வைத்தார். கபிலம், கடும்பச்சை, செம்பு நிறம் என்று ஒரே செடி வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். மெதுவாக வளர்வதால் காபனீரொட்சைட்டும் அதிகம் கேட்காது.

அதன் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் நீருக்கு வெளியே, ஈரச் சட்டியில் வளர்க்க வேண்டும். முறுக்கிய நாக்குப் போல ஒரு மடல் எழும்பும். அதன் அடியில் நீண்ட குழாய். குழாயின் முடிவில் சின்ன அறை. உண்மையான பூக்கள் அந்த அறைக்குள் ஒளிந்திருக்கும். கிரேக்கத்தில் பெயரின் முதற்பாதிக்கு 'மறைந்த' என்றுதான் பொருள். மணத்துக்கு மயங்கி வரும் சின்ன ஈக்கள் குழாய் வழியே இறங்கி அங்கே அகப்பட்டு மகரந்தம் பூசிக்கொண்டு போகும். தாவரவியலாளர்கள் அந்த அறையைக் கேத்தில் என்றே அழைக்கிறார்கள்.

ஈரவலய ஓடைச் செடி எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரைத் தாங்குமா? வெந்தியின் நெருங்கிய உறவான பெக்கெற்றி அமெரிக்காவின் ரெக்சஸில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. சுண்ணக்கல் நிலத்தடி நீர் ஊற்றெடுத்து ஓடும் சான் மார்க்கோஸ் ஆற்றுக்குள் யாரோ எறிந்த இந்த இலங்கைச் செடி வேரூன்றி, 1990களில் படர்ந்து பரவி, ஆற்றின் சொந்தச் செடிகளை நெருக்கத் தொடங்கிவிட்டது. பிடுங்கி அகற்ற வேண்டிவந்தது.

ஆனாலும் எங்கள் தண்ணீரில் ஒரு குறை உண்டு. காரத்தன்மையுள்ள நீரில் இரும்பு கரைந்து நிற்காது, துருவாகி அடங்கிவிடும். இரும்பு கிடைக்காத செடியில் புதுத்தளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதற்குப் பரிகாரம் உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பதே இரும்பு. பூச்சிமருந்து அடிக்காத காணியிலிருந்து எடுத்து, அரித்து, தொட்டியின் அடியில் 2 சென்ரிமீற்றர் பரப்பி, மேலே 3 சென்ரிமீற்றர் கழுவிய ஆற்றுமணல் போட வேண்டும். மணலுக்குக் கீழே ஒட்சிசன் குறைவு. அங்கே இரும்பு கரையக்கூடிய வடிவத்துக்கு மாறி வேருக்குக் கிடைக்கிறது. வெந்தி பெரும்பாலும் வேரால் உண்ணும் செடி என்பதால் அதற்கு இது போதும். கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருக்கும், முருகைக்கல் முழுவதும் சுண்ணாம்பு. இரண்டையும் தொட்டிக்குள் விடவேண்டாம். கல்லில் சந்தேகம் இருந்தால் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தக் கல் வெளியிலேயே இருக்கட்டும்.

நைத்திரேற்றைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. வெங்காயம், மிளகாய், புகையிலைக்குப் போடுகிற யூரியாவும் மலக்குழிக் கசிவும் சுண்ணக்கல் வெடிப்புகள் வழியாக விரைவிலேயே கிணற்றுக்கு இறங்கிவிடுகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தில் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் கிணற்று நீரைச் சோதிப்பித்துக்கொள்ள வேண்டும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்றுப் போகாது. தொட்டியில் அதே நைத்திரேற்று செடிக்கு உணவு. வெளிநாட்டில் போத்தலில் விற்கிற நைதரசன் உரம் எங்களுக்குத் தேவையில்லை. ஆனால் செடி குறைவாக இருந்தால் அந்த உணவை அல்கா எடுத்துக்கொண்டு கண்ணாடியெல்லாம் பச்சையாகப் பூசிவிடும். ஆகவே தொடக்கத்திலேயே நெருக்கமாக நடுங்கள்.

நட்டவுடன் மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா, காரத்தன்மையான நீரில் நஞ்சு கூடியது. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொன்று அதை நைத்திரேற்றாக்கும். இரண்டும் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதன்பிறகு கப்பி, மொலி போன்ற, சுண்ணாம்புத் தண்ணீரை விரும்பும் மீன்களில் சிலவற்றை மட்டும் விடலாம்.

அந்த ஆறு கிழமையில்தான் நான் ஒரு செடியைக் கொன்றேன். கொழும்பிலிருந்து ஈரக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்த வெந்தி நட்ட ஐந்தாம் நாள் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கூழாய்க் கரைந்தது. செத்துவிட்டது என்று பிடுங்கி வாழைக்கடியில் எறிந்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்ததைக் கண்டும் எறிந்தேன். கடைக்குப் போகும் செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கப்படுகின்றன. அந்த இலை தண்ணீருக்குள் வாழ உண்டான இலை இல்லை. அதைக் கைவிட்டுவிட்டுச் செடி வேறு இலை விடுகிறது. வளர்ப்பவர்கள் இதை உருகல் என்பார்கள். இரண்டாவது செடி உருகியபோது கை வைக்காமல் விட்டேன். இருபத்துமூன்றாம் நாள் மணலுக்குள்ளிருந்து ஊசிபோல் சுருண்ட ஒரு கபிலத் தளிர் வந்தது.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மணலை முன்னால் தாழ்வாகவும் பின்னால் உயர்வாகவும் சரித்துப் போட்டால் தொட்டிக்கு ஆழம் கூடும். ஒல்லாந்தர் ஒரே செடியை முன்னிருந்து பின்னுக்கு உயர்ந்துபோகும் வரிசையாக நட்டு அதை லெய்டன் வீதி என்பார்கள். கல்லையும் கட்டையையும் வைத்து இயற்கைக் காட்சியைத் தொட்டிக்குள் கொண்டுவந்தவர் யப்பானியப் படப்பிடிப்பாளர் தக்காஷி அமானோ. அவருடைய தொட்டிகளின் படங்களைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரத்தில் 54 லீற்றர் பிடிக்கும் ஒரு தொட்டிக்கு, பின்னால் வலிஸ்னேரியா, நடுவில் வெந்தி, ஒரு ஓரமாகக் கவிழ்த்த சிரட்டை என்றாலே எனக்கு நிறைவுதான்.

பராமரிப்பில் எங்களுக்குப் பெரிய எதிரி கோடை. 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும். 30 பாகையில் 7.6தான். நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறியைத் திருப்பிவிட்டால் ஆவியாகி ஓரிரு பாகை இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த இடத்தைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் தொட்டி கேத்திலாகிவிடும். அதனால் மாரியில் முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிப் போனபின் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்து மூடிவைக்கிறேன். கோடையில் நிரப்புவது அதில்தான். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் மணம் முற்றாகப் போகும்வரை அந்த நீரைத் தொட்டிக்கு எடுப்பதில்லை. வெளிச்சம் நாளுக்கு ஏழு மணித்தியாலம். யன்னல் வெயில் படக்கூடாது. வடிகட்டிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவேன், சவர்க்காரம் தொடுவதில்லை.

கிழமைக்கொருமுறை கால்வாசித் தண்ணீரை ரியூப்பால் இழுத்து வாளியில் எடுக்கிறேன். அது வாழைக்குப் போகும். கூடிப்போன ஐதரில்லாவை வழுக்கையாற்றுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை, வெயிலில் காயவிட்டுக் குப்பைக்குழியில் போடுகிறேன். அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரையை அடக்க இந்த நாட்டில் 1909இலேயே ஒரு கட்டளைச்சட்டம் போட வேண்டியிருந்தது. வெந்தியின் கதை வேறு. அது மணலுக்கடியில் ஓடுதண்டு விட்டு, அரைச்சாண் தள்ளிப் புதுக்குட்டி போடும். நாலு இலை வந்ததும் தண்டை நறுக்கி, ஈரப் பேப்பரில் சுற்றிச் சொப்பின் பையில் போட்டு, கேட்டு வந்தவர் கையில் கொடுக்கிறேன். உருகும், பிடுங்கிவிடாதேங்கோ என்று வாசல்வரை போய்ச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.