சிறு வணிகரின் வலைத்தளத்தில் ஒலியும் சலனப்படமும்

நடு அந்தமானிலுள்ள ரங்கத்தில் ஆறு அறைகள் கொண்ட விடுதியொன்றை ஒருவர் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆம்குஞ்ச் கடற்கரையையும், தானிநல்லா அலையாத்திக் காட்டினூடே செல்லும் மரநடைபாதையையும் காண வருவோரே அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்கள் சென்னையிலோ கொல்கத்தாவிலோ அமர்ந்துகொண்டு, அறை எத்தகையது, கடற்கரை எவ்வளவு தொலைவு என்பவற்றை அறிந்த பின்னரே பயணத்தைத் தீர்மானிக்கின்றனர். நிழற்படம் சொல்லாததை ஒரு நிமிஷச் சலனப்படம் சொல்லிவிடும். ஆகவே அவர் தம் வலைத்தளத்தில், வீடியோ என்று இன்று வழங்கும் சலனப்படத்தையும், தம் குரலில் ஒரு வரவேற்புரையையும் சேர்க்க விரும்புகிறார். அவருக்கு வழி கூற வேண்டியவர் அவ்வூர் ஆசிரியராகவோ களப்பணியாளராகவோ இருக்கக்கூடும். அவர்களை முன்னிட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இவ்வெண்ணம் ரங்கத்தில் எளிதாயிருக்கவில்லை. தீவுகளின் தொலைத்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தியொன்று மேலே சென்று கீழே இறங்குவதற்கே கால் விநாடியளவு கழிகிறது. வினாவும் விடையுமாகச் சென்று திரும்ப அரை விநாடி வேண்டும். தாமதத்தைக் காட்டிலும் பெரிய இடர், அவ்வழி கொள்ளக்கூடிய செய்தியின் அளவு மிகக் குறைவாயிருந்ததுதான். 2018 டிசம்பர் 30-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்று, 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழை வடம் இந்நிலையை மாற்றியது. சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு அது இடப்பட்டது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரிலிருந்து பிரியும் கிளைகள் ஸ்வராஜ் தீவு, சின்ன அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், லாங் தீவு ஆகியவற்றுடன் ரங்கத்தையும் இணைக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வடத்தின் முழு நீளத்தையும் கடக்க அதற்கு ஒரு விநாடியின் 100-இல் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதியான காலம் போதும்.

இங்கே பலர் கொள்ளும் தவறான எண்ணமொன்றை நீக்குதல் அவசியம். விடுதிக்காரரின் வலைத்தளம் ரங்கத்தில் இருப்பதன்று. பெரும்பாலும் பெருநிலத்திலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு சேவைக் கணினியில் இருப்பது. சென்னையிலுள்ளவர் அதனைப் பார்க்கையில் செய்தி கடலைக் கடந்து வருவதில்லை. கடலடி வடம் விடுதிக்காரருக்குப் பயன்படுவது, அவர் தம் படத்தை அனுப்பும்போதும், ரங்கத்திற்கு வந்து சேர்ந்த பயணி அப்பக்கத்தைத் திறக்கும்போதுமே. எனவே ‘வடம் வந்துவிட்டது, எவ்வளவு பெரிய படத்தையும் இடலாம்’ என்னும் துணிவு பயனற்றது. பார்ப்பவருடைய கைப்பேசி இணைப்பு எத்தகையது என்பதே அளவுகோல்.

இனி அளவுகளைக் காண்போம். மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரை உணரும். அதைப் பதிவு செய்வதற்குக் குறுந்தகட்டில் ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுகின்றனர். இரு தடங்களுக்கும் சேர்த்து ஒரு நிமிஷ ஒலி 10 மெகாபைட்டைத் தாண்டுகிறது. ஆனால், உரத்த ஓர் ஒலியின் அருகே நிகழும் மெல்லொலியைச் செவி உணர்வதில்லை. எம்.பி.3 முதலிய முறைகள் அவ்வாறு உணரப்படாதவற்றை நீக்கியே ஒலியைச் சுருக்குகின்றன. வெறும் பேச்சுக்கு ஒரே தடமும் விநாடிக்கு 64 கிலோபிட்டும் போதும். ஒரு நிமிஷம் அரை மெகாபைட்டிற்குள் அடங்கிவிடும். பதிவின் தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுருக்கமன்று, கடற்காற்றே. கதவடைத்த அறையில், திரைச்சீலையோ மெத்தையோ உள்ள இடத்தில் பேசுவது நலம். ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் பதிவைத் திருத்த உதவும்.

சலனப்படத்தின் கணக்கு மலைக்க வைப்பது. அகலத்தில் 1,280, உயரத்தில் 720 புள்ளிகள் கொண்ட படம் விநாடிக்கு 25 வீதம் ஓடுமாயின், சுருக்காத நிலையில் விநாடிக்கு 55 கோடி பிட்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஒரு நிமிஷத்திற்கு 4 கிகாபைட்டைக் கடக்கும். எச்.264 என்னும் முறை இதனை விநாடிக்கு 20 லட்சம் பிட்டுகளாக, அதாவது ஏறத்தாழ 275-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை மீண்டும் எழுதாமல், மாறியதையும் நகர்ந்ததையும் மட்டும் குறித்துக்கொள்வதே இதன் சூட்சுமம். இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். விடுதியின் முகப்பை அசையாத தாங்கியின் மீது கருவியை வைத்து எடுத்தால் படம் நன்கு சுருங்கும். அலை புரளும் கடலும் காற்றில் ஆடும் அலையாத்தி இலைகளும் கணந்தோறும் மாறுவன. அவை எளிதிற் சுருங்குவதில்லை. ரங்கத்தில் எல்லோரும் காட்ட விரும்புவதோ அவற்றைத்தான்! கடலைச் சில விநாடிகள் மட்டும், கருவியை அசைக்காமல் காட்டுவதே இதற்குரிய உபாயம்.

கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிஷப் படம் 100 மெகாபைட்டைத் தாண்டுவதுண்டு. விநாடிக்கு 1 மெகாபிட் செல்லும் இணைப்பில் அதை அனுப்ப 13 நிமிஷங்களுக்கு மேல் ஆகும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் மேற்கூறியவாறு சுருக்கினால் 15 மெகாபைட்டாகி, இரண்டே நிமிஷங்களில் சென்றுவிடும். அதே வேக இணைப்பில் பார்ப்பவருக்கோ அதுவும் மிகுதி. படம் நின்று நின்று ஓடும். அத்தகையவர் அறைக்குப் பணம் கட்டுமுன்பே வேறு விடுதியை நாடிவிடுவார். யூடியூப் போன்ற சேவையில் படத்தை இட்டு வலைத்தளத்தில் பொருத்தினால், ஒரே படம் பல அளவுகளில் ஆக்கப்பட்டு, அவரவர் இணைப்பின் வேகத்திற்கேற்ப அனுப்பப்படும். படம் முடிந்ததும் பிறருடைய படங்கள் தோன்றக்கூடும் என்பது இதிலுள்ள குறை. எனினும் சிறு வணிகருக்கு இவ்வழியே சிறந்தது என்பது என் கருத்து. குரல் பதிவைத் தம் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எச்.டி.எம்.எல். 5 மொழி 2014-இல் உறுதி செய்யப்பட்டதிலிருந்து, ஒலிக்கும் படத்திற்கும் தனிச் செருகு நிரல் எதுவும் தேவையில்லை.

பக்கம் திறந்தவுடன் தானாக ஒலிக்குமாறு அமைப்பது கூடாது. 2018 முதல் குரோம் உலாவியும் ஒலியுடன் தானே ஓடும் படங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பார்ப்பவர் அழுத்தினாலன்றிக் கோப்பு இறங்காதபடி அமைத்து, முகப்பில் ஒரு நிழற்படத்தை வைக்க வேண்டும். கட்டணம், தொலைபேசி எண், வழி ஆகியவை எழுத்திலும் இருத்தல் வேண்டும். படத்தில் மட்டும் கூறப்பட்ட கட்டணத்தைச் செவிப்புலன் குன்றியவரும் அறியார். தேடுபொறியும் எளிதில் அறியாது. வங்காளமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் வழங்கும் தீவுகளில், ஒரே படத்திற்குப் பல மொழிகளில் எழுத்துரை சேர்ப்பது மிகவும் பயன் தரும். புதிய படம் எடுக்கத் தேவையில்லை. பின்னணியில் திரைப்பாடலை ஒலிக்கச் செய்வது பலருக்கும் பிடித்தமான செயல். உரிமை பெறாமல் செய்தால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானதாகும், கடலோசையே போதுமானது.

எல்லாம் முடிந்தபின் விடுதியின் கம்பியில்லா இணைப்பில் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. விலை குறைந்த பழைய கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு ரங்கத் விரிகுடாப் படகுத்துறைக்குச் சென்று, கப்பலுக்குக் காத்திருப்போர் பலரும் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும் வேளையில் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கட்டணமும் தொலைபேசி எண்ணும் சில விநாடிகளில் தோன்றாவிடில், முதலில் குறைக்க வேண்டியது படத்தின் அளவே.