கரியமில வாயுவைப் பிடிக்க ஆகும் செலவு

காற்றில் பத்தாயிரம் பங்குக்குச் சுமார் 4 பங்குதான் கரியமில வாயு. அதைத் தனியே பிரிப்பது உமிக் குவியலில் நொய் பொறுக்குவது போன்ற வேலை.

இதற்கென ஐஸ்லாந்து நாட்டில் 2021-ல் 'ஓர்கா' என்ற ஆலை தொடங்கப்பட்டது. பெரிய மின்விசிறிகள் காற்றை இழுக்க, வடிகட்டியில் வாயு ஒட்டிக்கொள்ளும். சுமார் 100 டிகிரி சூடேற்றினால் பிரிந்து வரும். அதை நீரில் கரைத்து நிலத்தடி எரிமலைப் பாறைக்குள் செலுத்துகின்றனர். இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி கல்லாகிவிடுகிறது.

ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன். உலகம் வெளிவிடுவதோ 3,500 கோடி டன்னுக்கும் மேல். ஒரு டன்னைப் பிடிக்கப் பல நூறு டாலர் செலவாகிறது. வெப்பமும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். ஐஸ்லாந்தில் பூமியின் வெப்பத்திலிருந்தே இவை கிடைக்கின்றன. நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால், பிடித்ததில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே திரும்பிவிடும்.

பயிர்களோ இதே வாயுவை வெயிலின் உதவியால் இழுத்துக்கொள்கின்றன. அறுவடைக்குப்பின் தாளை எரித்தால் அது உடனே காற்றுக்குப் போய்விடும். மக்கவைத்து இட்டால் ஒரு பகுதி மண்ணில் அங்ககச் சத்தாகத் தங்கும். வெப்பமான நாடுகளில் இச்சத்து விரைவில் சிதைவதால், ஒரு முறை இட்டது போதாது. ஆண்டுதோறும் தொழு உரமோ பசுந்தாள் உரமோ இட்டு வருவது அவசியம்.