களியும் கல்லுப்பும்

ஜவளகிரிக் காட்டோரத்தில் கேழ்வரகுக் கதிர் முற்றும் காலத்தில் குடியானவர்களுக்கு உறக்கம் கிடையாது. யானைக் கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் கொல்லை பாழாகிவிடுமென்று பரண்மீது காவல் இருப்பார்கள். இவ்வளவு விழிப்புள்ள ஜனங்கள் தங்கள் தேகத்துக்குள் ஓசையின்றி நிகழும் ஒரு நாசத்தை மட்டும் கவனியாதிருக்கிறார்கள். நீரிழிவினால் சிறுநீரகங்கள் கெடுவதைத்தான் சொல்லுகிறோம்.

சில நாட்களுக்கு முன் நம் மாணவன் ஒருவனின் தகப்பனார் நம்மைப் பார்க்க வந்தார். ஓசூரில் தொழிற்சாலை வேலை. பத்து வருஷமாக நீரிழிவு. சிறுநீரில் புரதம் இறங்குவதாக டாக்டர் சொன்னாராம். "அன்னையிலிருந்து பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்திட்டேனுங்க, வாத்தியாரே. ரெண்டு வேளையும் களி உருண்டைதான். களிக்குச் சர்க்கரை ஏறாதுங்களே?" என்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தொட்டுக்கொள்ள என்ன என்று விசாரித்தோம். "ஊறுகாய்தானுங்க!" என்று பதில் வந்தது. விலக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டியதை விலக்கியிருந்தார் மனிதர்!

நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் இவ்வடிகட்டிகளில் அழுத்தம் ஏறுகிறது. இரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் அவை தழும்பேறிப் போகின்றன. அந்தத் தழும்புகளை 1936-ல் கிம்மல்ஸ்டீல், வில்ஸன் என்ற இரு வைத்தியர்கள் விவரித்தார்கள். முதல் அறிகுறி, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிவது. வலி கிடையாது. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது காலம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. பிறகு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தி செய்ய வேண்டும். ஜவளகிரியிலிருந்து அதற்காக வெளியூருக்குப் பஸ் ஏறும் கூலிக்காரரின் குடும்பம் என்ன ஆகும் என்பதை நேயர்களே யோசித்துக் கொள்ளலாம்.

ஆகாரத்தினால் இந்நோயைத் துடைத்தெறிய முடியாது. அதன் வேகத்தைக் குறைக்க உதவ முடியும். முதலில் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. உப்பு குறைந்தால் இரத்தக் கொதிப்பு தணியும். ஆல்புமின் கசிவும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பேக்கரிப் பண்டங்கள் ஆகியவற்றில் மறைந்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பு நல்லது என்று சிலர் நம்புகிறார்கள், அதுவும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் உண்டு; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து.

அடுத்தது புரதம். இயந்திரச் சிகிச்சைக்குப் போகாத நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வைத்தியர்கள் கூறும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். இது பட்டினியல்ல. 200 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 14 கிராம், 50 கிராம் கொள்ளில் 11, ஒரு முட்டையில் 6, ஒரு தம்ளர் பாலில் 6 என்று வந்துவிடுகிறது. மிஞ்சியதைச் சோறும் காய்களும் தந்துவிடும். ஆகவே பருப்பை ஒழிப்பதும் தவறு. டப்பாவில் வரும் புரதப் பொடியைக் கரைத்துக் குடிப்பதும் தவறு. இயந்திரச் சிகிச்சை தொடங்கியவர்களுக்கோ இதைவிட அதிகப் புரதம் தேவை.

களி என்றும், முத்தே என்றும், சங்கடி என்றும் மூன்று பாஷைகளில் இவ்வெல்லைப்புறத்தார் போற்றும் கேழ்வரகு நார்ச்சத்து மிகுந்த நல்ல தானியம். ஆயினும் 100 கிராம் மாவில் ஏறக்குறைய 70 கிராம் மாவுப்பொருள்தான். அது சர்க்கரையாக மாறவே செய்யும். உருண்டையைச் சிறிதாக்கி, அவரையும் கீரையும் கூட்டுவதே முறை. நோய் முற்றி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவர்கள் மட்டும் இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றை டாக்டரைக் கேட்டே உண்ண வேண்டும். மருந்தையும் அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது; வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்குவதும் கூடாது.

2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. நீரிழிவுக்கும் கொதிப்புக்கும் வீடு தேடி மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கியதும் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில்தான். நீரிழிவுள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் ஆல்புமினையும், இரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நம் நண்பர் இப்போது பருப்பைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. அவருக்கென்று தனிச் சமையல் கிடையாது. குடும்பம் முழுவதும் உப்பைக் குறைத்துவிட்டதாம். "முதல் வாரம் குழம்பு சப்புன்னு இருந்துச்சு, இப்போ பழகிப் போச்சுங்க" என்றான் பையன். யானை வருமுன் பரண் ஏறுவதுதானே காவல்?