ஜெனரேட்டர் பூட்டும் முன்: மின்மாற்றியைப் பற்றிக் கொஞ்சம்

மண்சரிவுக்குப் பின் இரத்தோட்டைப் பகுதிக்குத் திரும்பும் நீங்கள், மின்சாரம் வரும்வரை ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்க நினைக்கலாம். அதற்கு முன் இதை வாசியுங்கள்.

வீதியோரக் கம்பத்தில் ஏற்றியிருக்கும் சாம்பல் நிறத் தொட்டிதான் மின்மாற்றி. ட்ரான்ஸ்போமர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இரும்புத் தகடுகளும், அவற்றின் மேல் சோடி சோடியாகச் சுற்றிய கம்பிச் சுருள்களும் உண்டு. சுற்றியுள்ள எண்ணெய் சூட்டைத் தணிக்கும். மின்சாரம் பாய்ந்துவிடாமலும் தடுக்கும். ஒரு சோடியின் இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒன்றில் மின்சாரம் ஓடும்போது இரும்பில் காந்தப்புலம் எழுந்து, செக்கனுக்கு 50 தடவை திசை மாறி மாறித் திரும்பும். அந்த மாற்றமே மற்றச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சுற்றுக்கள் கூடிய சுருளில் வோல்ட் கூடும், குறைந்ததில் குறையும்.

உக்குவளையில் 1976 முதல் மகாவலி நீரால் பிறக்கும் மின்சாரமும் 132,000 வோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டே நாட்டின் வலையமைப்பில் சேர்கிறது. வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால், கம்பி சூடாகி வீணாவது நூறில் ஒரு பங்காகும். பிறகு 33,000 வோல்ட்டாகக் குறைந்து ஊர்ப்பக்கம் வருகிறது. கம்பத்து மின்மாற்றி அதை வீட்டுக்கான 230 வோல்ட்டாக்குகிறது. ஏறக்குறைய 143 மடங்கு இறக்கம்.

ஆபத்தும் இங்கேதான். மின்மாற்றிக்கு எது உள்வழி, எது வெளிவழி என்று தெரியாது. இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ச் சொக்கெட்டில் செருகினால், அந்த 230 வோல்ட் மெயின் சுவிட்ச், மீற்றர் வழியாக வீதிக்குப் போய், மின்மாற்றியில் ஏறி, மேல்கம்பியில் 33,000 வோல்ட்டாகிவிடும். மின்சாரம் இல்லையென்று நம்பி அந்தக் கம்பியைச் சீர்செய்பவர் உயிரிழப்பார். அயல்வீடுகளின் பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சரிவில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதே! வீடுகள் இணையாத ஒரு துண்டுக் கம்பியே போதும்.

ஆகவே பொருட்களை ஜெனரேட்டரிலேயே நேரடியாகச் செருகுங்கள். வீட்டு வயரிங்கில் இணைக்கவே வேண்டுமானால், தகுதியான மின்னியலாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிட வேண்டாம், புகையும் கொல்லும்.

மின்சாரம் மீண்டபின், மின்மாற்றிக்குத் தூரமான தோட்டக் குடியிருப்புகளில் மாலையில் பல்ப் மங்கலாம். அந்நேரம் குளிர்சாதனப் பெட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் நிறுத்தி வையுங்கள். குறைந்த வோல்ட்டில் மோட்டார் கருகும். ஜப்பானிலிருந்து வந்த பொருட்கள் 100 வோல்ட்டுக்கானவையாக இருக்கலாம். அடியிலுள்ள சீட்டில் 230 அல்லது 100-240 என்று இல்லாவிட்டால், சிறிய இறக்கு மின்மாற்றி இல்லாமல் செருகாதீர்கள்.

சாய்ந்த கம்பத்தையும் அறுந்த கம்பியையும் நெருங்காமல், பிள்ளைகளையும் தள்ளி நிறுத்தி, மின்விநியோக நிறுவனத்தின் 1987 இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஒழுகிக் கிடக்கும் மின்மாற்றி எண்ணெயை விளக்குக்கோ வேறெதற்கோ எடுக்காதீர்கள்.