முதுமையென்று கைவிடப்படும் வீட்டுப் பூனை

மாத்தளை மாவட்டத்தின் லக்கல - பல்லேகம பிரதேசம் அண்மைக் காலத்தில் பெரும் இடமாற்றமொன்றைக் கண்ட பிரதேசமாகும். 2018ஆம் ஆண்டு களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரும் அதனையண்டிய வயல்களும் வீடுகளும் நீருக்குள் சென்றன. 2019 ஜனவரியில் லக்கல புதிய நகரம் திறந்து வைக்கப்பட்டது. இழப்பீடு, மாற்றுக் காணி என்பன பற்றியெல்லாம் வேண்டியளவு எழுதப்பட்டாயிற்று. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அத்துணை பெரிய விடயமன்று. அவ்வாறு இடம் மாறிய குடும்பங்களோடு இடம் மாறக்கூடிய வீட்டுப் பூனைகள் பற்றியது.

அன்று இரண்டு, மூன்று வயதாயிருந்த பூனையொன்று இன்றும் உயிருடன் இருக்குமாயின் அது பத்து வயதளவில் இருக்கும். பூனையின் பத்து வயது மனிதரின் ஐம்பத்தைந்து வயதுக்கும், பதினைந்து வயது எழுபத்தைந்து வயதுக்கும் ஏறத்தாழ ஒப்பாகும் என மிருக வைத்தியர்கள் கணக்கிடுகின்றனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் சாதனை படைத்த பூனை ஒரு விதிவிலக்கு. நல்ல பராமரிப்புள்ள வீட்டில் பதினைந்து ஆண்டுகள் என்பதே பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கது.

விவசாயக் குடும்பங்களில் பூனை செல்லப்பிராணியாக மட்டும் வளர்க்கப்படுவதில்லை. நெல் மூட்டைகளைக் காப்பது அதன் தொழில். எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தபோது மாத்தளை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எலிக்குப் பகையான பிராணிக்கு அவ்வீடுகளில் ஒரு மதிப்பு இருக்கவே செய்கிறது. ஆனால் அது எலி பிடிக்க இயலாமல் அடுப்படியிலேயே சுருண்டு கிடக்கத் தொடங்கியதும் அந்த மதிப்பும் குறைந்துவிடுகிறது. “வயது போய்விட்டது, இனி என்ன செய்வது” என்ற ஒரு வாக்கியத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது.

அந்த வாக்கியந்தான் பெரும் தவறுக்கு இடமளிக்கிறது. முதுமை ஒரு நோயன்று. முதுமையினால் வந்தவை என்று நாம் ஒதுக்கிவிடும் பல மாற்றங்கள், சிகிச்சை அளிக்கக்கூடிய நோய்களின் அறிகுறிகளாகும். பூனையோ தன் வலியை மறைக்கும் இயல்புடையது. காட்டில் தனித்து வேட்டையாடிய மூதாதையரிடமிருந்து அதற்குக் கிடைத்த சுபாவம் அது. பலவீனத்தைக் காட்டிக்கொள்ளும் விலங்கு மற்றொன்றுக்கு இரையாகிவிடும்.

வயதான பூனைகளிடம் அதிகம் காணப்படுவது சிறுநீரக நோயாகும். சிறுநீரகங்களின் தொழிற்பாட்டில் மூன்றில் இரண்டு பங்களவு இழக்கப்பட்ட பின்னரே அறிகுறி வெளியே தெரிகிறது. பூனை வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கும், அதிகம் சிறுநீர் கழிக்கும், மெல்ல மெல்ல மெலியும். இதைக் குணப்படுத்த இயலாது. ஆயினும் உரிய உணவாலும் மருந்தாலும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தாமதப்படுத்த இயலும். நன்றாக உண்டும் பூனை மெலிகின்றதாயின் தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று பார்வையிழந்து சுவரில் மோதுமாயின் உயர் இரத்த அழுத்தம் காரணமாயிருக்கலாம். அதற்கு அன்றைய தினமே வைத்தியரை நாட வேண்டும். உயரத்தில் பாய்வதை நிறுத்திவிட்ட பூனையைச் சோம்பேறி என்கிறோம். 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து 2002ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், அவற்றுள் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தமை தெரியவந்தது.

வலி இருக்கிறது என்று கண்டுகொண்டதும் வீடுகளில் நடப்பது இன்னொரு விபரீதம். மனிதருக்கான மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பனடோல் என்று நாம் அழைக்கும் பரசிற்றமோலைப் பாதுகாப்பாக உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியளவு இல்லை. அதனால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. முரசு கபில நிறமாகிறது, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, மூச்சுத் திணறுகிறது. ஒரேயொரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இபுபுரூபன், அஸ்பிரின் என்பனவும் அவ்வாறே ஆபத்தானவை. நாய்களின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் பூசுவதும் உயிராபத்தாகும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமாயின் இதனையே வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

உணவு விடயத்திலும் எமது பழக்கம் மாற வேண்டியுள்ளது. சோற்றில் நெத்தலிக் கருவாட்டைப் பிசைந்து வைப்பதே எங்கும் வழக்கம். பூனை முற்றாக ஊனுண்ணி. மாமிசத்திலும் மீனிலும் உள்ள தோரீன் என்ற சத்து இல்லாவிடில் அதன் கண்ணும் இதயமும் பழுதடையும். சோறு அதற்கு ஈடாகாது. கருவாட்டின் உப்போ நோயுற்ற உடலுக்கு ஏற்றதன்று. உப்பின்றி அவித்த மீனையோ கோழியிறைச்சியையோ முள்ளும் எலும்பும் நீக்கி, அவித்த நீரோடு மசித்து, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கலாம். பசுப்பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை. இரண்டு நாட்கள் தொடர்ந்து எதையும் உண்ணாத பூனையை மூன்றாம் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்கலாகாது, ஈரலில் கொழுப்புப் படிந்து நிலைமை கைமீறிவிடும்.

பூனையைத் துன்புறுத்தலாகாது என்பது இஸ்லாமியருக்குப் புதிய போதனையன்று. பூனையைக் கட்டிவைத்துத் தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடியுண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் அனைவரும் அறிந்ததே. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதை இறையருளுக்கு உவமையாகக் கொண்ட மார்ஜார நியாயம் வைணவ மரபில் உண்டு. பல் விழுந்த பூனையின் முன் காய்ந்த கருவாட்டை வைத்துவிட்டு உணவளித்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்வோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

நக்கிள்ஸ் மலைச்சாரலில் வடகீழ்ப் பருவ மழைக் காலம் குளிரானது. மெலிந்த பூனை சூட்டைத் தேடி அடுப்புக்குள் நுழைந்து தீக்காயமடைய இடமுண்டு. பழைய சாக்கையோ கம்பளியையோ மடித்துக் காற்றுப்படாத மூலையில் இட்டால் போதும். தண்ணீர்ப் பாத்திரத்தை உணவுத் தட்டிலிருந்து விலக்கி இரண்டு மூன்று இடங்களில் வைப்பது நல்லது. நகங்கள் தேயாமல் வளைந்து பாதத்தினுள்ளேயே குத்தும், மாதமொரு முறை பார்க்க வேண்டும். சிறுத்தைகள் நடமாடும் பிரதேசத்தில் முதிய பூனை இரவில் உள்ளேயே இருக்கட்டும். வீடு மாறுவோர் அதனைச் சில வாரங்களேனும் உள்ளே வைத்துப் பழக்குவது அவசியம், ஏனெனில் பூனை பழைய இடத்தைத் தேடித் திரும்பிச் செல்ல முயலும். வருடாந்த விசர்நோய்த் தடுப்பூசியை வயதைக் காரணங்காட்டி நிறுத்திவிடக் கூடாது. பூனையின் போக்கு திடீரென்று மாறினால் முதியது தடுமாறுகிறது என்று எண்ணிக் கையால் தூக்குவதும் இந்த நாட்டில் ஆபத்தே.

இவ்வளவும் சரி, வைத்தியர் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கிராமப்புற அரச கால்நடை வைத்திய சேவை பெயருக்கேற்ப மாடு, எருமை, ஆடு, கோழி ஆகியவற்றைச் சுற்றியே இயங்குகிறது. பால் தருவதற்குத்தான் முதலிடம், அதனைக் குறைகூறவும் இயலாது. இரத்தப் பரிசோதனை போன்ற வசதிகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை வரை செல்ல நேரலாம். லக்கலவிலிருந்து மாத்தளை, கண்டி கடந்து அங்கு சென்று திரும்புவது ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் வருமானத்தை இழக்கும் காரியம். ஆகவே செல்லும் அந்த ஒரு பயணம் வீணாகாதிருக்க, வீட்டிலிருந்தே சில விபரங்களைத் திரட்டிக்கொண்டு செல்ல வேண்டும். மிளகு நிறுக்கும் தராசு இப்பகுதியில் பல வீடுகளில் இருக்கும். பூனையை ஒரு பையிலிட்டு மாதந்தோறும் நிறுத்து நாட்காட்டியில் குறித்து வரலாம். நான்கு கிலோ பூனை 400 கிராம் குறைவது அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைவதற்குச் சமம்.

எமது வீட்டில் பதினான்கு ஆண்டுகள் இருந்த பூனை பூச்சட்டித் தட்டிலும் குளியலறை வாளியிலும் தண்ணீர் குடிக்கத் தொடங்கியபோது, வெயில் கடுமை என்று நாம் பேசிக்கொண்டோம். வைத்தியரிடம் கொண்டு சென்றபோது அதன் நிறை இரண்டரைக் கிலோ. “எத்தனை நாளாக இப்படித் தண்ணீர் குடிக்கிறது?” என்று அவர் கேட்டார். கோடையில் தொடங்கியது என்றார் ஒருவர், அதற்கும் முன்னர் என்றார் மற்றவர். எமது வீட்டு நாட்காட்டியில் பால் கணக்கும் மின்கட்டணத் திகதியும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன.