வேலியோரத்துச் செங்காந்தள்



சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு காலைப்பொழுது மாங்காட்டில் நடந்துகொண்டிருந்தேன். வீடு கட்டுவதற்கென ஒரு மனையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். வேலிப் புதரில் படர்ந்திருந்த கொடி ஒன்றை வேரோடு பிடுங்கி எறிந்திருந்தனர். உச்சியில் தீக்கொழுந்து போன்ற மலர்கள். அடியில் கலப்பைபோல் இரண்டாகக் கிளைத்த கிழங்கு. பள்ளிச் சிறுவன் ஒருவன் அக்கிழங்கைக் கையிலெடுத்து, "ஐயா, இது வள்ளிக்கிழங்குதானே? சுட்டுத் தின்னலாமா?" என்று கேட்டான். அதனை ஒரு தாளில் வாங்கிக்கொண்டு, முதலில் அவனைக் கை கழுவி வரச் சொன்னேன். அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அக்கொடியின் பெயர் செங்காந்தள். நம் மாநில மலர் அதுவே. கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்பனவும் அதன் பெயர்களே. குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிச் சொல்லும் கபிலர் முதலில் வைத்தது காந்தளைத்தான். மகளிர் விரலுக்கு உவமை தேடிய சங்கப் புலவர் பலரும் இதனிடமே சென்றனர். அவ்வுவமையின் நயம் ஏட்டில் படித்தால் மட்டும் விளங்காது; கொடியருகே நின்று காணவேண்டும். இதழ்கள் ஆறும் பின்னோக்கி மேலே வளைந்து நிற்கும். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக இருந்து, நாள் செல்லச் செல்ல முழுதும் சிவந்துவிடும். இலைநுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தாங்கும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. மேனாட்டார் இதனைக் கண்ணாடி வீடுகளில் அழகுக்காக வளர்க்கின்றனர்.

இத்துணை அழகிய செடியின் எல்லா உறுப்புகளிலும் நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. அந்நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். வேகவைத்தாலும் சுட்டாலும் அது அழிவதில்லை. இலங்கையில் இதனை வற்றாளை எனக் கருதி அவித்து உண்டு நஞ்சேறியவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கின்றனர்.

அந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது? நம் உடலின் உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, நுண்ணிய இழைகள் தோன்றிக் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுகின்றன. கோல்ச்சிசின் அவ்விழைகளை உருவாகவொட்டாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே, ஓயாமல் பிரிந்துகொண்டேயிருக்கும் உயிரணுக்களே முதலில் தாக்குண்ணும். குடலின் உட்படலம் அத்தகையது. வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் அதனால் வருகின்றன. எலும்பு மச்சை அத்தகையது. சில நாட்களில் இரத்த அணுக்கள் குறைகின்றன. மயிர்க்கால்களும் அத்தகையனவே, பிழைத்தவர்க்கு இரண்டு வாரமளவில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பிறகு முளைக்கிறது. அறிகுறிகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் ஒன்று தெரிந்தால் யாவும் தாமே விளங்கும்.

இதே பொருளை 1820இல் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தனர். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் வலிக்கு இன்றும் அது மருந்து. மாத்திரையில் உள்ள அளவு அரை மில்லிகிராம்தான். இம்மருந்துக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் உழவர்கள் கம்பிப் பந்தலில் காந்தளைப் பயிரிட்டு விதையை விற்கின்றனர். மலரில் சூல்தண்டு மகரந்தத்தைவிட்டு விலகி ஒருபுறமாக மடங்கி நிற்பதால், காலை வேளையில் ஆட்கள் ஒவ்வொரு பூவாகச் சென்று கையால் மகரந்தம் சேர்க்கின்றனர். பொறுமை வேண்டும் தொழில் அது.

யாரேனும் தவறி இதனை உண்டுவிட்டால், சில மணி நேரம் ஒன்றுமே தோன்றாதிருக்கலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. இந்நஞ்சுக்கென வழக்கில் உள்ள முறிவு மருந்து ஏதும் இல்லை. விரைந்து மருத்துவமனை சேர்வதே வழி. எஞ்சிய கிழங்கையும் உடன் கொண்டுபோனால், எந்த நஞ்சு என்று மருத்துவர் தேடிக் காலம் போக்க நேராது.

அன்று வாங்கி வந்த கிழங்கை என் வீட்டு வடக்கு வேலியோரம் நட்டு, பெயரெழுதிய தகடு ஒன்றும் கட்டி வைத்தேன். சேனையும் சேம்பும் போடும் பாத்தி தெற்கே இருக்கிறது. மறு கார்த்திகையில் அது பூத்தபோது, அச்சிறுவன் வந்து பார்த்து, இதழ்களை எண்ணிவிட்டுப் போனான்.