கோலா நாலு, முதலாளி மூன்று!

மும்பையில் வீட்டுக்கோ ஆபீசுக்கோ விருந்தாளி வந்தால் எதிர்க் கடையிலிருந்து "தண்டா" வாங்கி வருவது வழக்கம். ஊரில் நாம் "கலர்" என்று சொல்வதற்கு இங்கே அதுதான் பெயர். "தம்ஸ் அப்பா, கோக்கா, பெப்ஸியா, காம்பாவா?" என்று கடைக்காரர் கேட்பார். தம்ஸ் அப் பிரியர் கோக்கைத் தொடமாட்டார். கோக் பிரியருக்குத் தம்ஸ் அப் பிடிக்காது. ஆனால் யார் எதை வாங்கினாலும் பணம் போய்ச் சேருவது ஒரே கல்லாப் பெட்டிக்குத்தான். 1993-ம் ஆண்டிலிருந்து இரண்டும் ஒரே கம்பெனியின் சரக்கு!

வெளியேறிய கோக்

கோகோ கோலா இந்தியாவுக்கு வந்தது 1950-ல். 1973-ம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்குள்ள தங்கள் பங்கை 40 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும் என்றது. 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. பம்பாய்த் தொழிற்சங்கத் தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாகி, இந்த விதியைக் கண்டிப்புடன் அமல்படுத்தினார். பானத்தின் ரகசியச் செய்முறை கைமாறுவதைக் கம்பெனி விரும்பவில்லை. மூட்டை கட்டியது.

காலியான இடத்துக்குப் போட்டி எழுந்தது. சர்க்காரே "டபிள் செவன்" என்ற கோலாவை மாடர்ன் பேக்கரிஸ் மூலம் விற்றது. செய்முறையைத் தந்தது மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். டெல்லியில் கோக்கைப் பாட்டிலில் அடைத்து விற்று வந்த பியூர் டிரிங்க்ஸ், காம்பா கோலாவைக் கொண்டு வந்தது. கோல்ட் ஸ்பாட், லிம்கா விற்று வந்த பம்பாயின் பார்லே கம்பெனி, தம்ஸ் அப்பை இறக்கியது. சர்க்கார் கோலா தாக்குப்பிடிக்கவில்லை. தம்ஸ் அப் முன்னுக்கு வந்தது.

விற்றார் சவுகான்

1990-ல் பெப்ஸி நுழைந்தது. இந்தியப் பெயரும் சேர வேண்டும் என்ற நிபந்தனையால் "லெஹர் பெப்ஸி" என்று விற்றார்கள். 1993-ல் ஆக்ராவில் கோக் திரும்பி வந்தது. அதே ஆண்டு பார்லேயின் ரமேஷ் சவுகான், தம்ஸ் அப் உள்ளிட்ட தம் பானங்களைக் கோகோ கோலாவுக்கே விற்றுவிட்டார். விலை சுமார் 6 கோடி டாலர். தம்ஸ் அப்புக்கு இருந்த கிராக்கியால் அந்தப் பெயர் நிலைத்தது.

காம்பா தேய்ந்து மறைந்தது. 2022-ல் அதை ரிலையன்ஸ் வாங்கியது. 2023-ல் 200 மில்லி பாட்டில் 10 ரூபாய் என்று மீண்டும் கடைக்கு வந்தது. ஆக, கோலா நாலு, முதலாளி மூன்று.

சர்க்கரைக் கணக்கு

எதை வாங்குவது? ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது. தம்ஸ் அப்பில் சுருக்கென்ற காரம் தூக்கல். பெப்ஸியில் இனிப்பு முந்தி நிற்கும் என்பார்கள். ஆனால் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 25 கிராம். அதாவது ஐந்து டீஸ்பூன்!

உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. தினமும் நாலு டீ குடிப்பவர் கோலாவும் குடித்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நைட் ஷிப்டில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கோலாவும் பிஸ்கட்டும் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். கோலாவில் உள்ள காபீன் அசதியை மறைக்குமே தவிர, உடம்புக்குத் தெம்பு தராது. தாகத்துக்கு மோரோ உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ போதும். சர்க்கரை வியாதிக்காரர்கள் சாதாரணக் கோலாவைத் தவிர்ப்பதே நல்லது.

"கூலிங் சார்ஜ்" கேட்டால்?

ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததற்காக இரண்டு, மூன்று ரூபாய் கூடுதலாகக் கேட்கும் கடைகள் உண்டு. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரியும் அடக்கம். கடைக்காரர் அதற்கு மேல் வாங்கக் கூடாது. புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரயிலிலும் ஸ்டேஷனிலும் 139.

தினம் ஒரு 10 ரூபாய்க் கோலா என்றால் மாதம் 300 ரூபாய். வருஷத்துக்கு 3,650 ரூபாய். எந்தப் பெயர் என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை மில்லி, எவ்வளவு சர்க்கரை, என்ன விலை என்ற மூன்றையும் பாட்டிலைத் திருப்பிப் படிப்பவருக்குக் காசும் மிச்சம், உடம்பும் மிச்சம்.